தானாக வந்த புறா

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சர்க்கரை டப்பாவில் கை விட்டது யார், சிகரெட்டை விட்டுவிட்டதாக அப்பா சொல்வது உண்மைதானா, எதிர்வீட்டு அங்கிள் தினமும் ஒன்பது மணிக்கு ஏன் மாடிக்குப் போய் போன் பேசுகிறார், எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவேன். யாரும் கேட்கவேண்டும் என்பதில்லை. இதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த நோட்டில் நான் குறித்து வைத்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. முடிவுகட்டியதுதான் தப்பு.

மாமா எங்களோடுதான் இருந்தார். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வரை சைக்கிளில் போய் ரயிலைப் பிடித்தால் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார். சேலையூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மொட்டை மாடியில், பழைய பலகையும் கம்பிவலையும் வைத்து அவரே அடித்த கூண்டு ஒன்று இருந்தது. அதில் பதினான்கு புறாக்கள். எல்லாம் ஹோமர். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வளர்ந்த கூண்டுக்கே திரும்பி வந்துவிடுகிற ரகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்தைக் கூடையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு வரை ரயிலில் போய்ப் பறக்கவிட்டு வருவார். அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவை கூண்டில் உட்கார்ந்து தீனி தின்றுகொண்டிருக்கும். ஏதாவது ஒன்று அரை மணி நேரம் தாமதமானாலும் போச்சு. மாமா தண்ணீர் டேங்க்மேல் ஏறி நின்று விசிலடிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார்.

அப்படிப்பட்டவர், கூண்டிலேயே கெட்டிக்காரியான சாம்பல் பெட்டை ஒரு புதன்கிழமை காணாமல் போனபோது விசிலே அடிக்கவில்லை. வலது காலில் நீல வளையம் போட்ட புறா அது. நான்தான் எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று சொன்னேன். "வந்துடும், வந்துடும்" என்றபடி இன்னொரு தோசை கேட்டார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் மாடிக்குப் போய்க் கூண்டைப் பார்ப்பார். புறா வரவில்லை என்று தெரிந்ததும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கீழே இறங்குவார். "மாமா புறாவைத் தேடவில்லை. சந்தோஷமாக இருக்கிறார்" என்று நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு, புறாவைத் திருடியது யார் என்று யோசிக்கப் போய்விட்டேன்.

நோட்டில் அதற்கு முன்பக்கங்களில் வேறு சிலவும் இருந்தன. அரக்கோணத்தில் ஒரு பெண் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மா மாமாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். மாமா "கொஞ்ச நாள் பொறுக்கா" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இன்னொன்று, மாமாவுக்குப் புதிதாகப் பிடித்திருந்த செடிப் பைத்தியம். துளசிக்குக்கூட ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியறியாத மனுஷன், ஆறு மாதத்தில் பதினொரு தொட்டி வாங்கி மாடியில் அடுக்கிவிட்டார். ரோஜா, குரோட்டன்ஸ், பெயர் தெரியாத ஏதேதோ. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

சந்தேகப்பட எனக்கு ஆட்களுக்கா பஞ்சம்? முதலில் பூனை. ஆனால் இறகு ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை. அடுத்து, பின்தெருவில் புறா வளர்த்த மெக்கானிக். புறாக்காரர்கள் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் புறா வந்து சிக்கினால் பிடித்தவனுக்கே சொந்தம். ஓடிப்போகாமல் இருக்கச் சிறகை வெட்டிவிடுவார்கள். புதுச் சிறகு முளைப்பதற்குள் அது புதுக் கூண்டுக்குப் பழகிவிடும். மெக்கானிக்கின் கூண்டை மதில்மேல் ஏறிப் பார்த்தேன், இல்லை. பின்தெரு பாபு மீதும் எனக்கு ஒரு கண் இருந்தது. அவன் என் சிநேகிதன்தான். இருந்தாலும் ஒருநாள் கூண்டு முன்னால் நின்று, "இத்த வறுத்தா எப்டி இருக்கும்?" என்று கேட்டவன்.

துப்பு கிடைத்தது ஜமீலாவிடமிருந்து. என் வகுப்புத் தோழி. அவளுடைய அத்தாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் தானியக் கடை. மாமா புறாத் தீனி வாங்குவது அங்கேதான். ஒரு அக்கா வந்து கம்பும் சோளமும் கலந்து வாங்கிக்கொண்டு, புறா ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும், தண்ணீர் எப்படி வைக்கவேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டுப் போனாளாம். ஏரிக்கரை கிராமத்தில் செடி விற்கிற நர்சரி வீட்டுப் பெண் என்று அத்தாவுக்குத் தெரிந்திருந்தது. ஜமீலா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. புறா வளர்க்கத் தெரியாத ஒருத்திக்குத் திடீரென்று புறா எங்கிருந்து வந்தது?

கிராமத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கேம்ப் ரோடு தாண்டி, அகரம்தென் போகும் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தால் வரும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மண் அள்ளிய பள்ளங்களில் பையன்கள் விழுந்து செத்திருந்தார்கள். போனது தெரிந்தால் அம்மா காலை ஒடித்துவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை மதியம் அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் போகும் நேரம் பார்த்து, ஜமீலா வீட்டுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஸ்கூல் பையில் இருந்த புத்தகத்தையெல்லாம் கட்டிலுக்கு அடியில் கொட்டிவிட்டுக் கிளம்பினேன். ஜமீலா தெருமுனையில் நின்றாள். பாபுவைக் கூட்டிக்கொண்டதற்குக் காரணம், அவன் என் கண்முன்னால் இருக்கட்டும் என்பதுதான்.

நல்ல வெயில். தண்ணீர் லாரிகள் ரோடு முழுக்க ஒழுகவிட்டுக்கொண்டு போயின. விமானப்படை ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய குட்டி விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே வட்டமடித்தது. எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்றேன். ஜமீலா நம்பிவிட்டாள். துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சைக்கிளில் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, செயினைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் தாண்டிப் போனார். அவரையும் குறித்துக்கொண்டேன். வீடுகள் குறைந்து, வேலிகாத்தான் புதர் அதிகமாகி, ரோடு மண்ணாக மாறியதும் பாபுவுக்கு உற்சாகம் போய்விட்டது.

"இன்னாடி இது, போய்க்கினே கீறோம். எங்கம்மா கண்டா தோல உரிச்சிடும்" என்றான்.

"பயமா இருந்தா திரும்பிப் போயேன்" என்றேன். புறாவைத் திருடியவன்தானே பயப்படுவான் என்று அவன் காதில் விழும்படி ஜமீலாவிடம் சொன்னேன். அதற்கப்புறம் பாபு பத்தடி பின்னாலேயே நடந்து வந்தான். பாவம், உண்மையிலேயே அவனுக்கு மனம் நொந்துவிட்டது.

ஏரி பாதிதான் நிறைந்திருந்தது. மீதியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. கரைமேல் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஏரியா பசங்க நீங்க? செடி தூக்க வந்துகிறீங்களா? போன வாரம்தான் ரெண்டு ரோஜாத் தொட்டிய எவனோ தூக்கிகினு பூட்டான்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திருட்டைக் கண்டுபிடிக்க வந்தவர்களைப் பார்த்துத் திருடர்கள் என்கிறாரே! நர்சரி வீடு எது என்று மட்டும் விறைப்பாகக் கேட்டேன். அவர் குச்சியால் காட்டினார். நாங்கள் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே கறுப்புப் பாலிதீன் பைகளில் நாற்றுகள் வரிசையாக நின்றன. உள்ளே போனதுமே பார்த்துவிட்டேன். பந்தலின் கோடியில், நிழலில், கோழிக்குக் கவிழ்க்கிற கூடை ஒன்று. மேலே செங்கல். கூடையின் இடுக்கில் நீல வளையம். குனிந்து பார்த்தேன். சிறகு வெட்டப்படவில்லை. ஓர் இறகுகூடக் குறையவில்லை. தீனியும் தண்ணீரும் தனித்தனிக் கிண்ணத்தில் சுத்தமாக இருந்தன. திருடிய புறாவின் சிறகை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

"யாரும்மா? செடி வேணுமா? அப்பா லோடு எடுத்துட்டுப் போயிருக்காரு."

தண்ணீர் விடும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அக்கா நின்றாள். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். பாவாடை ஓரம் ஈரமாக இருந்தது.

"அது எங்க மாமா புறா" என்றேன்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சிரித்தாள்.

"அப்போ நீதான் சி.ஐ.டி.யா?"

எனக்குத் திக்கென்றது. என் பட்டப்பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்? பெரிய திருட்டுக் கூட்டங்கள் ஒரு வீட்டில் கைவைப்பதற்கு முன் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவள் அந்தக் கூட்டம்தான். இவளிடம் "திருடி" என்று சொன்னால் உள்ளேயிருந்து நாலு பேர் வந்துவிடுவார்கள். சாமர்த்தியமாகப் பேசித்தான் காரியத்தை முடிக்கவேண்டும்.

"மாமா புறாவை வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் அதுபாட்டுக்கு நாற்றுகளுக்கு நடுவில் ஓடியது.

"அவரே சொன்னாரா?"

"ஆமா."

"என்னன்னு சொன்னாரு?"

பொய் சொல்லும்போது கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது என் அனுபவம். "போதும், போய் எடுத்துட்டு வந்துடுன்னாரு" என்றேன்.

"போதும்னாரா?"

"ஆமா."

"வேற எதுவும் சொல்லலையா?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அவள் போய்த் தண்ணீரை நிறுத்தினாள். அப்புறம் உள்ளே போய் மூன்று டம்ளரில் ரஸ்னா கொண்டுவந்து வைத்தாள். ஜமீலாவும் நானும் தொடவில்லை. பாபு மட்டும், கண்ணாலேயே நான் எச்சரித்தும் கேட்காமல், மூன்றையும் குடித்தான். வழி நெடுக அவனுக்கு மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தோம்.

செங்கல்லை எடுத்துவிட்டு அக்கா புறாவைப் பிடித்தாள். கால்களை இரண்டு விரல்களுக்கு நடுவே கொடுத்து, கட்டைவிரலால் சிறகை அணைத்து, நெஞ்சை உள்ளங்கையில் தாங்கி. மாமா பிடிப்பது அச்சு அசல் இப்படித்தான். எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. புறாவின் தலையை ஒரு தரம் தடவி என் பையில் விட்டாள். மூச்சு முட்டாமல் இருக்க ஜிப்பைக் கொஞ்சம் திறந்தே வைத்தாள். மிச்சமிருந்த தீனியையும் பேப்பரில் மடித்துக் கொடுத்தாள்.

"நான் இன்னும் எங்க அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. பத்திரமா கூட்டிட்டுப் போங்க. ஏரிப் பக்கமா இறங்காதீங்க."

கண் கலங்கியிருந்தது. கையும் களவுமாக அகப்பட்டால் அழத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பந்தலைத் தாண்டியதும் மூவரும் ஓட ஆரம்பித்தோம். அன்று இருந்த பெருமை, பிறகு பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு இருந்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே எல்லாம் பேசி முடிவாகிவிட்டது. ஏரிக்குப் போனதைச் சொன்னால் மூன்று வீட்டிலும் அடி விழும். ஆகவே நாங்கள் எங்கும் போகவில்லை. புறா தானாகவே திரும்பி வந்துவிட்டது. ஹோமர் வருவதில் என்ன ஆச்சரியம்? புகழ் முழுவதும் புறாவுக்குப் போவதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மாமாவின் முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. அம்மா எழுந்து காபி போடுவதற்குள் புறாவைக் கூண்டில் விட்டுவிட்டேன்.

மாமா வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தார். நேராக மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கூண்டுக்கு முன்னால் நின்றவர் அப்படியே நின்றார். சாம்பல் பெட்டை தன் பழைய இடத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கோதிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"சாயங்காலம். நாலரை இருக்கும்."

"தானா வந்துச்சா?"

"ஆமா மாமா. தானாதான் வந்துச்சு."

அவர் துள்ளிக் குதிப்பார், என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று நினைத்திருந்தேன். அவர் செடிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். டிபன் பாக்ஸ் பை தோளிலேயே தொங்கியது. இருட்டும்வரை கீழே வரவில்லை. வந்ததும் அம்மாவிடம், "அந்த அரக்கோணத்து ஜாதகம் இருக்குல்ல, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த மாதமே புறாக்கள் எல்லாவற்றையும் பின்தெரு மெக்கானிக்குக் கொடுத்துவிட்டார். நான் எவ்வளவு கஷ்டப்பட்டு மீட்டு வந்தேன், இவர் சும்மா தூக்கிக் கொடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பதினொரு வருடம் கழித்து, நான் காதலிக்கிற விஷயம் வீட்டில் வெடித்தபோது, என் பக்கம் நின்ற ஒரே ஆள் மாமாதான். அப்பாவிடம் நேருக்கு நேர் பேசு என்றார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்:

"எதுவா இருந்தாலும் வாயால பேசிக்கோ. நான் பெரிய புத்திசாலின்னு நெனச்சு ஒண்ணு பண்ணேன். ஏரிக்கரையில ஒரு பொண்ணு. அவங்க வேற ஆளுங்க, நாம வேற. அவகிட்ட, உங்கப்பாகிட்ட கேட்டுப் பாரு, அவரு ஒத்துக்கலேன்னா என்கிட்ட வந்து அழாத, எனக்குத் தாங்காது, கூடையத் தெறந்து விட்டுடுன்னு ஒரு ஹோமரைக் குடுத்தேன். அது வந்துட்டா நான் புரிஞ்சுக்கறேன், அப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன், அது வராத வரைக்கும் நான் காத்திருக்கேன்னேன். பத்து நாள் இருந்துச்சு. பதினோராம் நாள் வந்துடுச்சு. அந்தப் பொண்ணு சொன்ன சொல் தவறல. நானும் தவறல, அந்தப் பக்கமே போகல. அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன்."

கீழேயிருந்து அத்தை காபிக்குக் கூப்பிட்டாள். அந்த அரக்கோணத்து அத்தை. எனக்கு அம்மாவுக்கு அடுத்து அவள்தான். மாமாவின் மகன் படிக்கட்டில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அந்த அக்கா ஒரு "போதும்" என்ற சொல்லை எத்தனை நாள் வைத்துக்கொண்டு அழுதாளோ. அது அவர் சொன்னதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மாலையில் ஒன்று பாக்கி இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது மாமா வந்து கதவோரம் நின்றார். மறுபடியும் கேட்டார்.

"நெஜமாவே தானா வந்துச்சா? யாரும் கொண்டாந்து விடலையே?"

கண்டுபிடித்துவிட்டார், என்மேல் சந்தேகப்படுகிறார், இன்னும் ஒரு கேள்வி கேட்டால் ஏரி, பாபு, ரஸ்னா எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். என் தலையில் நானே கை வைத்துக்கொண்டேன்.

"அம்மன்மேல சத்தியமா தானாதான் வந்துச்சு மாமா."

"சரி. சி.ஐ.டி. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நோட்டை எடுத்து, "மாமாவுக்குச் சந்தேகம் வரவில்லை" என்று எழுதி, அதன்கீழ் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.